பள்ளி ஆட்டத்துக்கு ஒரு தாள், கல்லூரி ஆட்டத்துக்கு ஒரு தாள்: வடசென்னைக் கால்பந்து நடுவர்களுக்கான வழிகாட்டி

காலை 7 மணிக்கு வியாசர்பாடியில் 14 வயதுக்குட்பட்ட பள்ளிச் சிறுவர்களின் ஆட்டத்தை நடத்திவிட்டு, அதே நாள் மாலை 4 மணிக்குப் பெரம்பூரிலோ தண்டையார்பேட்டையிலோ கல்லூரி அணிகளின் ஆட்டத்துக்கு நடுவராக நிற்பது வடசென்னையில் பலருக்கும் வாடிக்கை. உடுப்பு ஒன்று, விசில் ஒன்று, சட்டைப் பையில் இருக்கும் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் ஒன்றே. ஆனால் ஆட்டம் எவ்வளவு நேரம், எந்த அளவுப் பந்து, வெளியே போன ஆட்டக்காரர் திரும்ப உள்ளே வரலாமா, சமநிலையில் முடிந்தால் அடுத்து என்ன என்பவை இரண்டு இடங்களிலும் வேறுபடும். விதிகளை நன்கு படித்தவர்களும் இங்கே தடுமாறுகிறார்கள். காலை ஆட்டத்தின் பழக்கம் மாலை ஆட்டத்துக்குள் அவர்கள் அறியாமலே நுழைந்துவிடுகிறது.

அப்படித் தடுமாறியவர்களில் நானும் ஒருவன். நடுவராகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், காலையில் ஒரு பள்ளி ஆட்டத்தில் பிள்ளைகள் மாறி மாறி உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருந்ததை அந்தப் போட்டிக் குழுவின் விதித்தாளின்படி அனுமதித்தேன். அன்று மாலை நடந்த கல்லூரி ஆட்டத்தில், முதல் பாதியில் வெளியே சென்ற 8-ஆம் எண் ஆட்டக்காரர் கடைசி கால் மணி நேரத்தில் மையக்கோட்டருகே வந்து நின்றபோது, யோசிக்காமல் கையசைத்து உள்ளே விட்டுவிட்டேன். அவர் கொடுத்த பந்தில்தான் கோல் விழுந்தது. எதிரணி எழுதிக் கொடுத்த முறையீட்டைக் குழு ஏற்றுக்கொண்டு ஆட்டத்தை மறுபடி நடத்தச் சொன்னது. தவறு முழுவதும் என்னுடையது. இரண்டு அணிப் பிள்ளைகளும் ஒரு வாரம் கழித்து அதே வெயிலில் மீண்டும் ஓட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து நான் கைக்கொண்டுவரும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாறாதது எது, மாறக்கூடியது எது

ஐஃபேப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டுக் கால்பந்துச் சங்க வாரியம் 1886-இல் உருவானது. அது வகுத்த 17 விதிகள்தாம் வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்துக்கும் உலகக் கோப்பை அரங்குக்கும் பொது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே உயர்நிலைப் பள்ளிகளின் கூட்டமைப்பு ஒரு விதிநூலையும், கல்லூரி விளையாட்டுச் சங்கம் இன்னொரு விதிநூலையும் தனித்தனியே வெளியிடுகின்றன. பள்ளி ஆட்டம் 40 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள், கல்லூரி ஆட்டம் 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள், மாற்று ஆட்டக்காரர் திரும்ப வருவதற்கான வரம்புகளும் வெவ்வேறு. இணையத்தில் அந்த நாட்டு விளக்கங்களைப் பார்த்துவிட்டு அவற்றை இங்கே பொருத்திப் பார்க்கும் இளைஞர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். நமக்கு இரண்டு விதிநூல்கள் இல்லை. ஒரே விதிநூலும், அதன் அனுமதிக்குள் நின்று ஒவ்வொரு போட்டிக் குழுவும் எழுதும் விதித்தாளுமே உண்டு. ரூல்ஸ் பேப்பர் என்று நாம் சொல்வது இந்தத் தாளைத்தான்.

இளையோர் ஆட்டங்களுக்கும் அடித்தள நிலை ஆட்டங்களுக்கும் எவற்றை மாற்றலாம் என்பதை விதிநூலே வரையறுத்திருக்கிறது. மைதானத்தின் அளவு, பந்தின் அளவும் எடையும், கோல் கம்பங்களின் அகலமும் உயரமும், இரண்டு பாதிகளின் நேரம், மாற்று ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை, வெளியே போனவர் திரும்ப வருவதற்கான அனுமதி, மஞ்சள் அட்டை பெற்றவரைச் சில நிமிடங்கள் வெளியே நிறுத்தும் தற்காலிக வெளியேற்றம் ஆகியவை அந்த வரையறைக்குள் வருகின்றன. இளையோர் என்பதற்கான வயது எல்லையை அந்தந்த நாட்டுச் சங்கம் தீர்மானிக்கும். நமக்கு அது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு. இந்தப் பட்டியலுக்கு வெளியே உள்ளவற்றை எந்தப் பள்ளியும், எந்தக் கல்லூரியும், எவ்வளவு பெரிய கோப்பையை வைத்து நடத்தும் குழுவும் தொட முடியாது. ஆஃப்சைடு (எதிரணித் தற்காப்பைத் தாண்டி முன்னால் நின்று பந்தை வாங்குவது), ஹேண்ட்பால், பெனால்ட்டி, சிவப்பு அட்டைக்குரிய குற்றங்கள் ஆகியவை 13 வயதுப் பையனுக்கும் 22 வயது மாணவருக்கும் ஒரே அளவில் பொருந்தும். ஆட்டத்துக்கு முன்பு, 'சின்னப் பசங்க சார், ஆஃப்சைடு வேணாம்' என்று எந்த ஆசிரியராவது கேட்டால், இந்த எல்லைக்கோட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பணிவாக மறுத்துவிட முடியும்.

விதித்தாளை முன்கூட்டியே வாங்குதல்

ஆட்டத்துக்கு இரண்டு நாட்களுக்கு முன்பாவது விதித்தாளைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பள்ளிக்கல்வித் துறை நடத்தும் ஆட்டங்களிலும், இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் பிரிவுகளிலும், 1960-இல் தொடங்கிய, பள்ளிகளுக்கு இடையிலான சுப்ரதோ கோப்பைக்கான தகுதி ஆட்டங்களிலும், சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டங்களிலும் தாள்கள் தனித்தனியாகவே இருக்கும். ஒரே பள்ளி மூன்று போட்டிகளில் மூன்று விதமான நேரக் கணக்கில் ஆடுவதைக் கண்டிருக்கிறேன். சென்ற ஆண்டுத் தாளை நம்பி இந்த ஆண்டு மைதானத்தில் இறங்கவே கூடாது.

தாள் கைக்கு வந்ததும் அதை முழுவதும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. உலக விதியிலிருந்து எங்கெங்கே விலகுகிறது என்பதை மட்டும் ஓர் அஞ்சலட்டை அளவு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதி எத்தனை நிமிடம், இடைவேளை எத்தனை நிமிடம், நான்காம் எண் பந்தா ஐந்தாம் எண் பந்தா, பெயர்ப்பட்டியலில் எத்தனை பேர், எத்தனை மாற்று, திரும்ப வரலாமா, தற்காலிக வெளியேற்றம் உண்டா, சமநிலையானால் கூடுதல் நேரமா நேராகப் பெனால்ட்டியா, தாமதமாக வரும் அணிக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது, முறையீட்டை யாரிடம் எத்தனை மணிக்குள் தர வேண்டும் என்ற வரிசையில் எழுதினால் போதும். காலை அட்டையையும் மாலை அட்டையையும் வெவ்வேறு நிறத்தில் வைத்துக்கொள்வது என் வழக்கம். காலை ஆட்டம் முடிந்தவுடன் அந்த அட்டையைப் பைக்குள் போட்டு மூடிவிடுவேன். மாலையில் என் சட்டைப் பையில் ஒரே ஓர் அட்டைதான் இருக்கும்.

தாளில் ஏதாவது எழுதப்படாமல் இருந்தால் ஆட்டத்துக்கு முன்பே குழுவின் பொறுப்பாளரைக் கேட்டு, இரண்டு அணிப் பொறுப்பாளர்களும் உடனிருக்கும்போதே பதிலை வாங்குங்கள். பள்ளி என்றால் உடற்கல்வி ஆசிரியர். கல்லூரி என்றால் உடற்கல்வி இயக்குநர், அவர் வராதபோது பயிற்சியாளர். தனித்தனியாகச் சொன்னால் ஒருவருக்கு ஒரு விதமாகச் சொன்னதாகவே பின்னால் பேச்சு வரும்.

நேரக் கணக்கு

விதிநூலின்படி 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு சம பாதிகள். பள்ளி ஆட்டங்களில் தாள் அதை 25 என்றோ 30 என்றோ 35 என்றோ குறைத்திருக்கலாம். எவ்வளவு குறைத்தாலும் இரண்டு பாதிகளும் சமமாக இருந்தாக வேண்டும். அடுத்த ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்பதற்காக, முதல் பாதியை 30 நிமிடம் ஆடவைத்துவிட்டு இரண்டாம் பாதியை 20 நிமிடத்தில் முடிக்கச் சொல்லும் அமைப்பாளர்கள் இருக்கிறார்கள். நேரத்தைக் குறைப்பதானால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, நடுவரும் இரண்டு அணிகளும் ஒப்புக்கொண்டு, போட்டி விதித்தாள் இடம் கொடுத்தால் மட்டுமே குறைக்கலாம். தொடங்கிய பிறகு முடியாது.

குறுகிய ஆட்டத்தில் வீணாகும் நேரத்தின் எடை கூடுகிறது என்பதைப் புதிய நடுவர்கள் கவனிப்பதில்லை. 90 நிமிட ஆட்டத்தில் ஒரு காயத்துக்காகப் போகும் 2 நிமிடத்தைப் பெரிதாக யாரும் உணர்வதில்லை. 25 நிமிடப் பாதியில் அதே 2 நிமிடம் பிள்ளைகளின் ஆட்டத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை விழுங்கிவிடும். ஆகவே பள்ளி ஆட்டத்தில் இழந்த நேரத்தைக் கூட்டிக் கொடுப்பதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு கைக்கடிகாரங்கள் கட்டிக்கொள்ளுங்கள். ஒன்று நிற்காமல் ஓடட்டும், மற்றதை ஆட்டம் நிற்கும்போதெல்லாம் நிறுத்துங்கள். முதல் பாதியைக் கணக்குத் தவறி 2 நிமிடம் முன்னதாக முடித்துவிட்டால், அதை ஈடுகட்ட இரண்டாம் பாதியை 2 நிமிடம் நீட்டக் கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. பள்ளி ஆட்டங்களில் நல்லெண்ணத்தோடு அப்படி நீட்டுபவர்கள் பலர். இரண்டு தவறுகள் சேர்ந்து ஒரு நியாயம் ஆகிவிடாது என்பதை அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊர் வெயிலுக்கு விதியில் இடம் இருக்கிறது. தண்ணீர் குடிப்பதற்கான நிறுத்தம் ஒரு நிமிடத்துக்கு மிகக் கூடாது. உடல் சூட்டைத் தணிப்பதற்கான நிறுத்தம் ஒன்றரை நிமிடத்திலிருந்து 3 நிமிடம் வரை போகலாம். இவ்விரண்டும் வேறு வேறு என்பதையும், போட்டித் தாள் அனுமதித்தால்தான் உண்டு என்பதையும், செலவான நேரம் அந்தப் பாதியிலேயே சேர்க்கப்பட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் கல்லூரி ஆட்டக்காரர்கள் ஓரளவு தாங்கிவிடுவார்கள். காலை 10 மணிக்கு மேல் காற்றில்லாத திடலில் ஓடும் 12 வயதுப் பிள்ளை தாங்க மாட்டான். தனக்கு மயக்கம் வருகிறது என்று சொல்லவும் அவனுக்குத் தெரியாது. முகம் சிவந்து வியர்வை நின்றுபோன பிள்ளையைப் பார்த்தால் பந்து எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். கடுமையான பாதிப்பு என்று நடுவர் கருதினால் நிறுத்தலாம் என்பதே விதி. சிறுவர்கள் விஷயத்தில் அந்தக் கருத்துக்கு நீங்கள் சீக்கிரம் வந்துவிடலாம்.

உள்ளே வருவதும் வெளியே போவதும்

இரண்டு தாள்களும் அதிகமாக வேறுபடும் இடம் இதுதான், முறையீடுகள் அதிகம் எழுவதும் இங்கிருந்துதான். வடசென்னைப் பிள்ளைகள் பெரும்பாலும் தெருவிலும் சிறு திடலிலும் அணிக்கு 7 பேர், 5 பேர் என்று செவன்ஸ், ஃபைவ்ஸ் ஆடி வளர்ந்தவர்கள். அந்த ஆட்டங்களில் யாரையும் கேட்காமல், ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வெளியே வர இன்னொருவர் உள்ளே ஓடுவார். அந்தப் பழக்கம் காலில் ஊறியிருப்பதால் 11 பேர் ஆட்டத்திலும் அப்படியே ஓடி வந்துவிடுகிறார்கள்.

பள்ளித் தாள் திரும்ப வர அனுமதித்திருந்தாலும் நடைமுறை மாறாது. ஆட்டம் நின்றிருக்க வேண்டும், நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும், வெளியேறுபவர் கோட்டைத் தாண்டிய பிறகு, நடுவர் சைகை காட்டியதும், மையக்கோட்டிலிருந்தே புதியவர் நுழைய வேண்டும். வெளியேறுபவர் தமக்கு அருகிலுள்ள கோட்டின் வழியாகவே வெளியேற வேண்டும் என்று 2019 முதல் விதி இருப்பதால், மூலையில் நிற்கும் பையன் மையக்கோடு வரை மெதுவாக நடந்து வந்து நேரத்தைக் கரைக்க விடாதீர்கள். அனுமதியின்றி நுழைந்தால் மஞ்சள் அட்டை. அதைப் பள்ளிப் பையனுக்குக் காட்ட மனம் வராது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் ஆட்டத்துக்கு முன்பு இரண்டு அணிகளின் மாற்று ஆட்டக்காரர்களையும் வரிசையாக நிறுத்தி, 'தம்பிகளா, நான் கை காட்டாம யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது, சரியா?' என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அந்த அரை நிமிடம் பல அட்டைகளைத் தவிர்த்திருக்கிறது.

கல்லூரித் தாள் 5 மாற்றுகள், 3 வாய்ப்புகள் என்ற உலக வழக்கத்தை எடுத்துக்கொண்டிருந்தால் கணக்கு இன்னும் நுணுக்கமானது. ஓர் அணி 5 பேரை மாற்றலாம், ஆனால் அதற்காக ஆட்டத்தை 3 முறைக்கு மேல் நிறுத்த முடியாது. இடைவேளையில் செய்யும் மாற்று இந்த மூன்றில் சேராது. இரண்டு அணிகளும் ஒரே நிறுத்தத்தில் மாற்றினால் இருவர் கணக்கிலும் ஒன்று குறையும். குறிப்பேட்டில் எண்களை மட்டும் எழுதினால் 70-ஆவது நிமிடத்துக்கு மேல் குழப்பம் வரும். எத்தனை பேர் என்பதற்கு ஒரு வரிசையும் எத்தனை நிறுத்தம் என்பதற்கு ஒரு வரிசையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது நடுவர் இருந்தாலும் நீங்களும் எழுதுங்கள்.

கல்லூரி ஆட்டத்தில் எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராமல் இருக்க ஒரு வழி உண்டு. திரும்ப வர அனுமதி இல்லாத ஆட்டத்தில், ஒருவர் வெளியேறிய உடனே அவர் எண்ணைக் குறிப்பேட்டில் அடித்துவிடுங்கள். உள்ளே வர நிற்பவரின் எண்ணை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே கையை உயர்த்துங்கள். 'காலையில எங்க தம்பி ஸ்கூல் மேட்ச்ல விட்டீங்களே சார்' என்று அந்த மாணவர்களே கேட்பார்கள். அதற்குக் கோபப்பட ஒன்றுமில்லை; அந்தப் போட்டியின் தாள் வேறு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள்.

கோல் கீப்பரும் களத்திலுள்ள இன்னொரு ஆட்டக்காரரும் இடம் மாறிக்கொள்வது மாற்றாகக் கணக்கிடப்படாது. ஆட்டம் நின்றிருக்கும்போது நடுவரிடம் சொல்லிவிட்டு மாறினால் போதும். சொல்லாமல் மாறிவிட்டால் ஆட்டத்தை ஓடவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இருவரையும் எச்சரிக்க வேண்டும். எண்ணிக்கையைப் பொறுத்தவரை, ஓர் அணியில் 7 பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கவோ தொடரவோ இயலாது. இது இரண்டு தாள்களுக்கும் பொது.

காலணி, கயிறு, கம்பம்

1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, பிரான்சிடம் 2-1 என்ற கணக்கில் தோற்றார்கள். அந்த வரலாற்றைப் பெருமையோடு சொல்லும் நம் பகுதியில் இன்றும் வெறுங்காலில் பந்தை அடக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் சிலரின் ஆட்டத்தைப் பார்க்கும்போது கண்ணை எடுக்க முடியாது. ஆனால் நான்காம் விதிப்படி காலணி, காலுறை, ஷின்கார்டு (முன்னங்காலைக் காக்கும் தடுப்பு), சட்டை, கால்சட்டை ஐந்தும் கட்டாயம். இதில் பள்ளிக்குத் தனிச் சலுகை இல்லை.

பள்ளி ஆட்டங்களில் ஒரே ஜோடி பூட்ஸை இரண்டு பிள்ளைகள் பகிர்ந்துகொள்வார்கள். வெளியே வருபவன் கோட்டருகே உட்கார்ந்து கழற்றிக் கொடுக்க, உள்ளே போகிறவன் அவசரமாக மாட்டிக்கொள்வான். அவர்களை அதட்டாதீர்கள். ஆட்டம் அடுத்து எப்போது நிற்கும் என்று ஊகித்து முன்னதாகவே மாற்றிக்கொள்ள ஆசிரியரிடம் சொல்லுங்கள். புதிதாக அணிந்தவனின் கயிறு கட்டப்பட்டிருக்கிறதா, காலுறைக்குள் ஷின்கார்டு இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். காலுறைக்குள் அட்டைத் துண்டைச் செருகிக்கொண்டு வருபவர்களும் உண்டு. தகுந்த ஷின்கார்டு அணிவது ஆட்டக்காரரின் பொறுப்பு என்று விதி இப்போது சொன்னாலும், 12 வயதுப் பிள்ளையிடம் அந்தப் பொறுப்பை முழுவதுமாக விட்டுவிட எனக்கு மனமில்லை. உடன் இருப்பவரிடம் ஒரு ஜோடி இரவல் வாங்கித் தரச் சொல்வேன். ஓட்டத்தில் தற்செயலாகப் பூட்ஸ் கழன்று போனால், அடுத்த முறை பந்து ஆட்டத்திலிருந்து வெளியேறுவதற்குள் அணிந்துகொள்ள வேண்டும். அதற்குள் அவன் கோல் அடித்துவிட்டால் அந்தக் கோல் செல்லும்.

மோதிரம், காப்பு, சங்கிலி, தோடு, மூக்குத்தி, ரப்பர் வளையம் எல்லாவற்றையும் கழற்றியே ஆக வேண்டும். மேலே டேப் ஒட்டிக்கொண்டு ஆடுவதை விதி ஏற்பதில்லை. கல்லூரி மாணவர்கள் வெள்ளிக் காப்பைக் கழற்ற மறுத்து வாதாடுவார்கள், பள்ளிப் பிள்ளைகள் கையிலும் இடுப்பிலும் கட்டிய தாயத்தைக் கழற்றினால் அம்மா திட்டுவார் என்று கலங்குவார்கள். முன்னவரிடம் விதியைச் சொல்லுங்கள். பின்னவனிடம் தாயத்தை வாங்கி, அவன் கண் முன்னால் ஆசிரியர் கையில் ஒப்படையுங்கள். தலையை மூடி ஆட விரும்பும் மாணவிகளைத் தடுக்கக் கூடாது. 2014 முதல் விதி அதை ஏற்றுள்ளது. துணி கறுப்பாகவோ சட்டையின் முதன்மை நிறத்திலோ இருக்க வேண்டும், தலையோடு ஒட்டியிருக்க வேண்டும், சட்டையோடு இணைக்கப்பட்டிருக்கக் கூடாது, குத்தக்கூடிய ஊசி எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

மைதானத்தைப் பொறுத்தவரை, அரை மணி நேரம் முன்னதாகச் சென்று ஒருமுறை முழுவதும் நடந்து பாருங்கள். கண்ணாடிச் சில்லு, கிரிக்கெட் ஸ்டம்ப் குழி, சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி நிற்கும் இருசக்கர வண்டிகள் ஆகியவற்றை அகற்றச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். மூலைக்கொடிக் கம்பு ஒன்றரை மீட்டருக்குக் குறையாமலும் முனை கூராக இல்லாமலும் இருக்க வேண்டும். இடுப்பளவு மூங்கில் குச்சியை நட்டிருந்தால் பிடுங்கிப் போட்டுவிட்டு நல்லதைக் கேளுங்கள். இரும்பால் செய்த நகர்த்தக்கூடிய கோல் கம்பங்கள் தரையோடு பிணைக்கப்படாமல் இருந்தால், பின்னால் மணல் மூட்டை வைக்கும் வரை ஆட்டத்தைத் தொடங்கவே கூடாது. நான்காம் எண் பந்தின் சுற்றளவு 63.5 முதல் 66 செ.மீ., ஐந்தாம் எண் பந்து 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம்.

அட்டைகளும் அதட்டலும்

பள்ளி ஆட்டத்துக்குப் பெரும்பாலும் தகுதி பெற்ற துணை நடுவர்கள் கிடைக்க மாட்டார்கள். இரண்டு அணிகளும் ஆளுக்கு ஒருவரைக் கொடி பிடிக்கத் தருவார்கள். அவர்களிடம் பந்து முழுவதுமாகக் கோட்டைத் தாண்டியதை மட்டும் காட்டச் சொல்லுங்கள். ஆஃப்சைடை நீங்களே பாருங்கள். கோல் கிக், த்ரோ, கார்னர் மூன்றிலிருந்தும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது என்பதைக் கோட்டோரம் நின்று கூச்சலிடும் பெரியவர்கள்தான் அதிகம் மறந்துவிடுகிறார்கள்.

தற்காலிக வெளியேற்றம் தாளில் இருந்தால் அதன் நீளம் மொத்த ஆட்ட நேரத்தில் 10 முதல் 15 விழுக்காடு. 60 நிமிட ஆட்டத்துக்கு 6 முதல் 9 நிமிடம் வரை. எந்தெந்த எச்சரிக்கைக்கு அது பொருந்தும் என்பதையும் தாள் சொல்லியிருக்க வேண்டும். சிவப்பு அட்டைக்குரிய குற்றத்தை இந்த வெளியேற்றமாகக் குறைத்துவிட முடியாது. கோல் வாய்ப்பைத் தடுத்து இழுத்தவன் 13 வயதுப் பையனாக இருந்தாலும் சிவப்புதான். ஆனால் பெனால்ட்டிப் பரப்புக்குள் பந்தை எடுக்க முயன்று தவறிய ஃபவுலானால், பெனால்ட்டியோடு மஞ்சள். சிறுவனை வெளியே அனுப்பும்போது அருகே சென்று, குனிந்து, காரணத்தை அவனுக்குப் புரியும்படி சொல்லிவிட்டு அட்டையைக் காட்டுங்கள். கூட்டத்துக்குக் காட்டுவது போல் தலைக்கு மேல் வீசிக் காட்ட வேண்டாம்.

கல்லூரி ஆட்டத்தில் சூடு வேறு வகை. பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி போன்றவற்றின் மாணவர்கள் ஒருவரை ஒருவர் சிறுவயதிலிருந்தே தெருவில் எதிர்த்து ஆடியவர்களாக இருப்பார்கள். அந்தப் பழைய கணக்குகளும் கூடவே வரும், பறையும் விசிலும் சேர்ந்து உங்கள் விசிலை மூழ்கடிக்கும். அணித்தலைவர் மட்டுமே வந்து பேசலாம் என்ற அண்மைக்கால நெறியைத் தொடக்கத்திலேயே அறிவித்துக் கடைப்பிடியுங்கள். பயிற்சியாளருக்கும் 2019 முதல் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம். உங்களைவிட மூத்த இயக்குநராக இருந்தாலும், 'சார், தயவுசெய்து உங்க இடத்துலயே நில்லுங்க' என்று ஒருமுறை சொல்லிவிட்டு, மறுமுறை தேவைப்பட்டால் அட்டையை எடுக்கத் தயங்கக் கூடாது.

2025 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த கீப்பர் விதி இரண்டு நிலைகளுக்கும் பொது. கீப்பர் பந்தைக் கையில் 8 நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 நொடிகளை நடுவர் கையை உயர்த்தி விரல்விட்டு எண்ணிக் காட்ட வேண்டும். பள்ளிக் கீப்பர்களில் பலர் இன்னும் இதை அறியவில்லை என்பதால் ஆட்டத்துக்கு முன்பு அவர்களைத் தனியே கூப்பிட்டு ஒருமுறை எண்ணிக் காட்டிவிடுகிறேன்.

சமநிலையில் முடிந்தால்

கூடுதல் நேரம் தருவதானால் இரண்டு சம பகுதிகள், ஒவ்வொன்றும் 15 நிமிடத்துக்கு மிகக் கூடாது. பள்ளித் தாள்கள் இதைக் குறைக்கலாம், விட்டுவிட்டு நேராகப் பெனால்ட்டிக்கும் போகலாம். இங்கே திரும்ப வரும் அனுமதி ஒரு பொறியை வைத்திருக்கிறது. ஆட்டம் முழுவதும் பிள்ளைகளை மாறி மாறி அனுப்பிப் பழகிய ஆசிரியர், இறுதி விசிலுக்குப் பிறகு, வெளியே உட்கார்ந்திருக்கும் நல்ல உதைப்பாளனைப் பெனால்ட்டிக்கு அனுப்பலாம் என்று எண்ணுவார். முடியாது. ஆட்டம் முடிந்தபோது களத்தில் இருந்தவர்களும், காயத்துக்காகவோ காலணி சரிசெய்யவோ அந்த நேரத்தில் தற்காலிகமாக வெளியே நின்றவர்களும் மட்டுமே உதைக்கத் தகுதியானவர்கள். ஆகவே கடைசி 5 நிமிடம் இருக்கும்போது இரண்டு ஆசிரியர்களிடமும் இதைக் காதில் விழும் குரலில் நினைவூட்டுங்கள். ஒருவரிடம் மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

ஓர் அணியில் ஆள் குறைவாக இருந்தால் மற்ற அணியும் அதே எண்ணிக்கைக்குக் குறைத்துக்கொண்டு, யார் விலகுகிறார் என்பதை நடுவரிடம் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் பெற்ற மஞ்சள் அட்டை பெனால்ட்டி உதைகளுக்குத் தொடராது. இதற்குள் மேலும் ஒரு மஞ்சள் பெற்றால் அதைப் புதிய எச்சரிக்கையாகவே எழுதுங்கள். உதைக்கும் கணத்தில் கீப்பரின் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோல் கோட்டின் மேலோ, அதற்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும். சறுக்கியதால் உதைப்பவரின் இரண்டு கால்களும் பந்தில் பட்டுக் கோலாகிவிட்டால் மறுபடி உதைக்கச் சொல்ல வேண்டும் என்று 2025-இல் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள்.

அறிக்கை

அறிக்கையை வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதாதீர்கள். மைதானத்தை விட்டுக் கிளம்பும் முன்பே கோல், மாற்று, அட்டை ஆகியவற்றை நிமிடத்தோடு எழுதி, துணை நடுவர்களின் குறிப்போடு ஒப்பிட்டுவிடுங்கள். அறிக்கையின் முதல் வரியில் எந்தப் போட்டித் தாளின்படி ஆட்டம் நடந்தது, ஒரு பாதி எத்தனை நிமிடம், திரும்ப வர அனுமதி உண்டா என்பதைக் குறிப்பிடுங்கள். மழையாலோ கூட்டம் உள்ளே புகுந்ததாலோ ஆட்டம் கைவிடப்பட்டால், நின்ற நிமிடத்தையும் காரணத்தையும் மட்டும் எழுதுங்கள். தாளில் வேறு வழி சொல்லப்படாதவரை கைவிடப்பட்ட ஆட்டம் மறுபடி ஆடப்பட வேண்டும், அதைத் தீர்மானிப்பது குழுவின் வேலை. வயதுச் சான்று பற்றிய புகாரையும் இப்படியே வாங்கிக் குழுவிடம் சேர்த்துவிடுங்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்து வயதைத் தீர்மானித்து ஆட்டத்திலிருந்து விலக்கும் அதிகாரம் நடுவருக்கு இல்லை. உங்களிடமே தவறு நேர்ந்திருந்தால் அதையும் நிமிடத்தோடு எழுதிக் கையெழுத்திடுங்கள்.